ஷொக் மாற்றிய கதை: மொறிஸ் மைனர் முதல் ஜப்பான் கார் வரை

மோட்டார்க் காரின் முன்சில்லோடு இணைந்திருக்கும் 'ஷொக் அப்சோபர்' என்னும் உறுப்புக்கு அந்தப் பெயர் பொருந்தாது. குழியொன்றில் சில்லு இறங்கும்போது எழும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது அதுவன்று; அது வில்லின் வேலை. ஆனால் வில்லுக்கு ஒரு குணமுண்டு. ஒருமுறை அமுங்கினால் விரியும். விரிந்தபின் மீண்டும் அமுங்கும். ஊஞ்சலைத் தள்ளிவிட்டு நாம் விலகிய பின்னரும் அது தானாக ஆடிக்கொண்டிருப்பதைப் போன்றது இது. அந்த ஆட்டத்தைப் பிடித்து நிறுத்துவதும், அதன் சக்தியை எண்ணெயில் வெப்பமாகக் கரைத்துவிடுவதுமே இந்த உறுப்பின் பணியாகும். பிரித்தானியப் பொறியியலாளர்கள் இதனை 'டாம்பர்', அதாவது தணிப்பான் என்றே அழைப்பர். அதுவே சரியான பெயர். ஆயினும் யாழ்ப்பாணத்துக் கராச்சுகளில் தொடங்கிக் கொழும்பு பஞ்சிகாவத்தை வரை 'ஷொக்' என்பதே வழக்கு. பத்திரிகைக் காரியாலயத்தில் பல்லாண்டு காலம் கலைச்சொற்களோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில், வழக்கில் ஊறிய சொல்லோடு மோதுவதில் பயனில்லை என்பதை நான் நன்கறிவேன். ஆகவே இங்கும் ஷொக் என்றே எழுதுகிறேன்.

இந்தப் பொருளைப் பற்றி எழுதத் தூண்டியது அண்மைக்கால நிலைமையே. 2020 மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில்தான். இடையில் 2022 ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சி, எரிபொருள் வரிசைகள், ரூபாயின் சரிவு ஆகிய அனைத்தும் வந்து போயின. ஏறத்தாழ ஐந்தாண்டு காலம் இலங்கையர் தம்மிடமிருந்த பழைய கார்களையே கட்டிக்காத்தனர். கராச்சுக்குக் கொடுக்கும் கூலியும் பெரும் பாரமாகிவிட்டமையால், வீட்டு முற்றத்திலேயே ஜக்கை வைத்துக் காரை உயர்த்தி, முன் ஷொக்குகளைத் தாமே மாற்றத் துணிந்தவர்கள் பலர். இளைஞர்கள் இதனைப் புதிய காலத்தின் புதிய முயற்சியாகக் கருதுகின்றனர். அவர்களுடைய பாட்டன்மார் இதனைவிடக் கடினமான காலத்தில், கடினமான முறையில் இதே வேலையைச் செய்தனர் என்பதை அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். வில்லில்லாத வண்டிக்கு ஷொக் தேவையில்லை. எங்கள் ஊர்த் திருக்கல் வண்டியில் அச்சுக்கும் ஆசனத்துக்கும் இடையே அதிர்வை வாங்க எதுவுமில்லை. வைக்கோல் பரப்பி அமர்வதுதான் ஒரே வழி. ஐரோப்பாவில் குதிரை வண்டிகளுக்குத் தகட்டு வில் வந்தது. 1804 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஒபதையா எலியட் என்பவர் நீள்வட்ட வடிவிலான வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தகடுகள் ஒன்றோடொன்று உராய்வதால் அந்த வில் தன் துள்ளலைத் தானே ஓரளவு அடக்கிக்கொண்டது. குதிரையின் வேகத்துக்கு அது போதும். மோட்டார்க் கார் வந்து வேகம் கூடியபோதுதான் அது போதாமற் போனது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரரான ட்ரூஃபோவின் உராய்வுத் தணிப்பானை எட்வேர்ட் ஹார்ட்ஃபோர்ட் அமெரிக்காவில் கார்களுக்குப் பொருத்தினார். கத்தரிக்கோலின் இரு கைகளைப் போன்ற அமைப்பு. இடையே உராயும் தட்டுகள். நடுவில் ஒரு போல்ற். அதனை இறுக்கினால் கார் விறைக்கும், தளர்த்தினால் துள்ளும். மற்றொரு பிரெஞ்சுக்காரரான மொரிஸ் ஹூடாய் உராய்வுக்குப் பதிலாக எண்ணெயைப் பயன்படுத்தினார். சிறு துளையினூடாக எண்ணெயைத் தள்ளும்போது அது எதிர்க்கும் அல்லவா, அந்த எதிர்ப்பே தணிப்பு. 1920களின் இறுதியில் வந்த ஃபோர்ட் 'மொடல் ஏ' காரில் ஹூடாய் வகை ஷொக்குகள் இடம்பெற்றன. செல்வந்தரின் கார்களில் மட்டுமிருந்த வசதி சாதாரணரின் காருக்கும் வந்து சேர்ந்தது அப்போதுதான் எனலாம்.

பிரித்தானியாவில் யோர்க்ஷயரின் பெவர்லி நகரைச் சேர்ந்த ஆம்ஸ்ட்ரோங் நிறுவனம் தயாரித்த 'கை ஷொக்' பெரும் வழக்குப் பெற்றது. இன்றைய நீள்குழாய் வடிவம் அதற்கில்லை. வார்ப்பு உலோகத்தாலான ஒரு சிறிய பெட்டி. அதனுள்ளே எண்ணெய், பிஸ்ரன், வால்வு. பெட்டியிலிருந்து வெளியே நீளும் ஒரு கை. சில்லு மேலும் கீழும் அசையும்போது அந்தக் கை அசையும். உள்ளே பிஸ்ரன் எண்ணெயைத் தள்ளும். இலங்கையர் பல தலைமுறையாக அறிந்த ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் ஆகியவற்றின் முன்புறத்தில் இருந்தது இந்த வகைதான். அக்கார்களில் இக்கைக்கு இன்னொரு பொறுப்பும் இருந்தது. சில்லின் அச்சை மேலிருந்து பிடித்துக்கொண்டிருக்கும் மேற்கரமும் அதுவே. ஆகவே ஷொக்கைக் கழற்றுவதென்றால் சில்லைத் தாங்கும் மேற்பிடியையே கழற்றுவதாகும். பின்வருவதற்கு இது முக்கியமானபடியால் நினைவிற் கொள்க.

மொறிஸ் மைனரைப் பற்றி இரண்டு வார்த்தை கூறாமற் செல்ல மனம் ஒப்பவில்லை. அதனை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் 1906 இல் ஸ்மேர்னா நகரில், அதாவது இன்றைய துருக்கியின் இஸ்மீரில் பிறந்தவர். 1922 ஆம் ஆண்டின் போரில் அந்நகரிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. தந்தையார் வழியில் மோல்ற்றாவில் காலமாக, தாயும் மகனும் இங்கிலாந்து வந்து சேர்ந்தனர். அந்த ஏதிலிச் சிறுவனே பின்னர் மைனரையும், 1959 இல் மினியையும் உலகுக்கு அளித்தவர். மைனர் 1948 ஒக்ரோபரில் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்தது. அதற்குச் சற்று முன்னர் மாதிரிக் காரின் அகலம் போதாதென்று கண்ட இசிகோனிஸ், அதனை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, நான்கு அங்குலம் அகலப்படுத்தச் செய்தார். பொனற்றின் நடுவே தெரியும் தட்டையான பட்டை அந்த நான்கு அங்குலத்தின் அடையாளமே. நிறுவனத்தின் தலைவரான நஃபீல்ட் பிரபு இக்காரை 'உடைத்து வேகவைத்த முட்டை' போன்றதென்று இகழ்ந்தாராம். 1960 டிசம்பரில் அந்த முட்டை பத்து இலட்சத்தை எட்டியது.

மைனரின் முன்புறத்தில் சுருள்வில் இல்லை. காரின் அடியில் நீளவாக்கில் ஓடும் இரண்டு உருக்குச் சட்டங்கள் முறுக்கப்பட்டு வில்லாக வேலை செய்கின்றன. காரின் முன்பக்கப் பாரம் முழுவதும் அந்த முறுக்கிலே தங்கியிருக்கிறது. இனி, மேலே கூறியதை நினைவுபடுத்திப் பாருங்கள். கீழ்க்கரத்தை முறுக்குச் சட்டம் கீழே தள்ளிக்கொண்டிருக்கிறது. மேலே பிடித்திருப்பதோ ஷொக்கின் கை. அக்கையைக் கழற்றினால் என்னவாகும்?

1970களில் கொக்குவிலில் ஒரு வீட்டு வளவில் இதனை எனக்கு விளக்கியவர் ஒரு முதிய மெக்கானிக். நான் அப்போது இளம் செய்தியாளன். நான் பணியாற்றிய பத்திரிகையின் பிரதிகளை அதிகாலையில் வடமராட்சிக்கு ஏற்றிச்செல்லும் வாடகைக் கார் அவருடைய மாமரத்தின்கீழ் நின்றது. காரைப் பற்றி எழுதுவதற்கென்று நான் அங்கு போகவில்லை; பத்திரிகைக் கட்டுகள் ஏன் பிந்துகின்றன என்று பார்த்துவர அனுப்பப்பட்டிருந்தேன். "தம்பி, ஷொக் கழண்டால் சில்லுக்கு மேல் பிடி இல்லை. கீழை முட்டுக் குடாமல் கழட்டினீரோ, முறுக்குக் கம்பி உம்மைத் தேடி வரும்" என்றார் அவர். காரைப் பனங்குற்றிகளில் நிறுத்தி, கீழ்க்கரத்தின் அடியில் ஜக்கை வைத்து, சட்டத்தின் பாரத்தை ஜக்கிலே ஏற்றியபின்னரே ஸ்பனரைக் கையில் எடுத்தார். சில்லின் குடம் வெளிப்புறமாகச் சரிந்து பிறேக் குழாயை இழுத்துவிடாதபடி கம்பியால் கட்டினார். பின்பு ஷொக்கின் கையை அச்சிலிருந்து விடுவித்து, உடலோடு பிடித்திருந்த நான்கு போல்ற்றுகளையும் கழற்றினார். ஷொக் இறங்கியது. சின்னப் பொருளாகத் தெரிந்தாலும் தூக்கிப் பார்த்தபோதுதான் அதன் பாரம் புரிந்தது.

அந்த ஷொக்கை அவர் வீசவில்லை. வீச முடியாது. 1960களின் தொடக்கத்திலிருந்தே அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டிருந்தது. 1970 முதல் 1977 வரையிலான ஆட்சியில் அந்த இறுக்கம் உச்சத்துக்குப் போனது. ஐம்பதுகளில் வந்திறங்கிய ஆங்கிலேயக் கார்களே நாட்டின் மூலதனம். புதிய ஆம்ஸ்ட்ரோங் ஷொக் என்பது கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்க்கவேண்டிய பொருளாக இருந்தது. ஆகவே உச்சியிலுள்ள மூடியைத் திறந்து, கரிய எண்ணெயைக் கொட்டி, மண்ணெண்ணெயில் கழுவி, புதிய எண்ணெய் ஊற்றி, கையை மேலும் கீழும் பலமுறை அசைத்துக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுவர். காற்று எஞ்சியிருந்தால் கை பாதி வழியில் வழுக்கிக்கொண்டு போகும். அதனைக் கையிலேயே உணரலாம். எண்ணெய் தடிப்பாயின் கார் கல்வண்டி போல் இடிக்கும், மெலிதாயின் துள்ளும். அச்சு வெளியேறும் இடத்தில் தேய்வு கண்டிருந்தால் எவ்வளவு ஊற்றினாலும் ஒழுகிவிடும். அதற்கு லேத்தில் புஷ் கடைந்து போடுவதுதான் வழி.

இவ்வாறு வீட்டில் கார் திருத்துவோருக்கு உலகளவில் பாடநூல் எழுதிய மனிதருக்கும் இலங்கைக்கும் ஒரு தொடர்புண்டு. 'ஹேய்ன்ஸ் மனுவல்' என்னும் நூல்வரிசையை நம்மவர் பலரும் அறிவர். அதனை உருவாக்கிய ஜோன் ஹேய்ன்ஸ் 1938 இல் இலங்கையில் பிறந்தவர். தந்தையார் இங்கு தேயிலைத் தோட்டமொன்றின் முகாமையாளர். கல்விக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட அச்சிறுவன், பாடசாலையில் றக்பி விளையாட்டுக்குப் பதிலாக ஒஸ்ரின் 7 கார் ஒன்றைப் பிரித்துக் கட்ட அனுமதி பெற்றான். அதனை எப்படிச் செய்தேன் என்று ஒரு சிறு கைநூலும் எழுதினான். அச்சிட்ட 250 பிரதிகளும் பத்து நாட்களில் விற்றுத் தீர்ந்தன. பின்னர் பிரித்தானிய விமானப்படையில் ஏடனில் பணியாற்றியபோது, நண்பரொருவரின் ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற் காரைத் திருத்துவதற்கு உதவினார். தயாரிப்பாளரின் கைநூல் வீட்டில் வேலை செய்வோனுக்குப் பயன்படாது என்பதை அங்கே கண்டார். அதன் விளைவாக 1966 இல் முதலாவது ஹேய்ன்ஸ் மனுவல் வெளிவந்தது. காரை உண்மையிலேயே பிரித்துக் கட்டி, ஒவ்வொரு படியையும் படம் பிடித்து எழுதுவது அவர்களுடைய முறை. உலகெங்கும் 20 கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையாகியுள்ளன. ஹேய்ன்ஸ் 2019 பெப்ரவரியில் காலமானார். புதிய கார்களுக்கு அச்சு நூல் வெளியிடுவதை நிறுத்துவதாக அந்நிறுவனம் 2020 இல் அறிவித்தது. ஒரு பத்திரிகையாளனாக அந்தச் செய்தி எனக்கு ஷொக்கைவிட அதிகமாக இடித்தது என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

கொக்குவில் முதியவரிடம் ஹேய்ன்ஸ் நூல் இருக்கவில்லை. இருந்திருந்தாலும் அதனால் அவருக்கு ஆகவேண்டியது எதுவுமில்லை.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை இறங்கியது. பெற்றோல், பற்றறி, சீமெந்து, வாகன உதிரிப்பாகங்கள் என்று தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியல் நீண்டது. மின்சாரம் நின்றது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. பாடசாலைக் கொப்பிகளின் கோடிட்ட தாளிலே நாங்கள் பத்திரிகை அச்சிட்டோம். கார்களோ மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைச் சொட்டி இயந்திரத்தை உசுப்பிவிட்டு, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவர். 1977 இன் பின்னர் வந்திறங்கிய ஜப்பானியக் கார்கள் இதற்கு முரண்டு பிடித்தன. அமுக்க விகிதம் குறைந்த பழைய ஏ40களும் மைனர்களும் இருமிக்கொண்டாவது ஓடின. ஐம்பதுகளில் கட்டிய கார்கள் தொண்ணூறுகளின் குடாநாட்டைச் சுமந்தன என்றால் அது மிகையன்று. புகையும் மணமும் கண்ணை எரிக்கும். பின்னால் சைக்கிளில் வருபவர் மூக்கைப் பொத்திக்கொள்வார்.

அக்காலத்தில் கார் என்பது சொகுசு வாகனமன்று. இரவில் பிரசவ வேதனை கண்ட பெண்ணையும், குண்டுவீச்சில் காயமுற்றவரையும் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கோ மந்திகை ஆஸ்பத்திரிக்கோ கொண்டுசென்றவை இந்தக் கார்களே. வீதிகள் ஷெல் குழிகளாலும் பராமரிப்பின்மையாலும் சிதைந்திருந்தன. அத்தகைய வீதியில் ஷொக் செத்த காரில் காயக்காரரை ஏற்றுவது எத்தகையது என்பதை நேரிற் கண்டவர்களே அறிவர். ஒவ்வொரு குழிக்கும் கார் மூன்று நான்கு முறை எழும்பி விழும். பின் ஆசனத்திலிருந்து எழும் முனகல் அதற்கு அடுத்த குழிவரை நிற்காது. துள்ளும் சில்லு தரையை விட்டு எழும்பும்போது பிறேக்கும் பிடிக்காது, ஸ்ரியறிங்கும் கேளாது. ஆகவே முன் ஷொக்கை உயிரோடு வைத்திருப்பது வாடகைக் கார்க்காரருக்கு மானப் பிரச்சினையாகவே இருந்தது.

உதிரிப்பாகம் இல்லை, மின்சாரம் இல்லாததால் லேத்தும் ஓடவில்லை, ஜெனறேற்றர் வைத்திருந்த ஓரிரு இடங்களைத் தவிர. 1992 இல் அந்தக் கொக்குவில் வளவுக்கு மீண்டும் போனேன். முதியவரின் மகன் அப்போது வேலையைப் பொறுப்பேற்றிருந்தார். தேய்ந்த றப்பர் புஷ்களுக்குப் பதிலாக லொறி ரயரிலிருந்து வட்டமாக அறுத்தெடுத்த துண்டுகள். எண்ணெய் ஒழுகாமலிருக்க மாட்டுத் தோலில் வெட்டிய வளையம். பழைய எண்ணெயை வேட்டித் துணியில் வடித்து, அடியில் தங்கிய கசட்டை நீக்கி, மீண்டும் அதையே ஊற்றினார்கள். இரண்டு செத்த கார்களிலிருந்து ஒரு நல்ல ஷொக்கைப் பிறப்பிப்பதும் உண்டு. அவ்வாறு போட்ட ஷொக் எவ்வளவு காலம் நிற்கும் என்று கேட்டேன். "மழைக்கு முன்னம் ஒருக்கா, மழைக்குப் பிறகு ஒருக்கா கழட்ட வேணும் அண்ணை. ஆனால் ஓடும்" என்றார். கூலியாக அரை மூட்டை நெல் வந்ததையும் கண்டேன்.

இதே காலப்பகுதியில் நடந்த இன்னொன்றையும் கூறவேண்டும். வடக்கே ஒரு றப்பர் புஷ் கொண்டுசெல்லவும் தடையிருந்த அந்தத் தொண்ணூறுகளில், இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையமொன்றை நடத்திவந்த சார்ள்ஸ் வெயர், இலங்கைப் பங்காளி ஒருவரோடு சேர்ந்து இந்நாட்டில் மைனருக்கான உதிரிப்பாகங்களைத் தயாரிக்கும் தொழிற்சாலையை நடத்தினார். இலங்கைத் தொழிலாளர் கையால் அடித்துருவாக்கிய தகடுகள் பிரித்தானியாவுக்குக் கப்பலேறின. ஒரே தீவு, ஒரே கார். வரலாறு எழுதுவோர் இத்தகைய செய்திகளைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர்.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, அந்தக் கார்களிற் பல கூரையிலும் பொனற்றிலும் மூட்டைகளைச் சுமந்துகொண்டு சனத்தோடு சனமாக அங்குலம் அங்குலமாக நகர்ந்தன. நாவற்குழிக்கு அப்பால் எத்தனை போய்ச் சேர்ந்தன, எத்தனை வழியில் கைவிடப்பட்டன என்பதற்குக் கணக்கில்லை.

இனி ஜப்பான் கார்களுக்கு வருவோம். இன்று வீட்டு முற்றத்தில் நடப்பது அதுதானே. டொயோட்டா, நிசான், மிட்சுபிஷி என்று 1977 க்குப் பின் திறந்துவிடப்பட்ட சந்தையில் வந்திறங்கிய சிறு கார்களிற் பெரும்பாலானவற்றின் முன்புறத்தில் இருப்பது 'மக்பேர்சன் ஸ்ற்றட்' என்னும் அமைப்பாகும். அமெரிக்கப் பொறியியலாளர் ஏர்ள் மக்பேர்சன், செவ்ரலே நிறுவனத்தில் 'கடெற்' என்றொரு சிறிய காரை உருவாக்கிக்கொண்டிருந்தார். 1947 இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. அவர் ஃபோர்ட் நிறுவனத்துக்கு மாறினார். அவருடைய அமைப்பு பிரான்சின் ஃபோர்ட் வெடெற்றிலும், தொடர்ந்து 1950 இல் லண்டனில் காட்சிக்கு வந்த ஃபோர்ட் கொன்சல், செஃபயர் கார்களிலும் இடம்பெற்றது. நீள்குழாய் ஷொக்கையே தூணாக நிறுத்தி, அதனைச் சுற்றிச் சுருள்வில்லை அமர்த்தி, மேற்கரத்தை முற்றாக ஒழித்துவிட்டார் மக்பேர்சன். மலிவு, இடச் சிக்கனம் என்னும் இரு காரணங்களால் அது உலகை வென்றது. பின்னர் 1950களில் பிரெஞ்சுக்காரரான டி கார்போன் உயரழுத்த வாயுவையும் ஷொக்கினுள் புகுத்தினார். எண்ணெய் நுரைத்துச் செயலிழப்பதை அது தடுத்தது.

மைனரின் முறுக்குச் சட்டத்தில் ஒளிந்திருந்த அபாயம் இங்கு சுருள்வில்லில் இருக்கிறது. ஸ்ற்றட்டைக் காரிலிருந்து கழற்றுவது எளிது. பொனற்றின் கீழ் உச்சியில் பெரும்பாலும் மூன்று நட்டுகள்; கீழே சில்லின் குடத்தோடு இரண்டு பெரிய போல்ற்றுகள்; பக்கத்தில் பிறேக் குழாயின் பிடி, சில கார்களில் ஏபிஎஸ் கம்பியும் ஆட்டத் தடுப்புச் சட்டத்தின் இணைப்பும். இவ்வளவே. நடுவிலுள்ள ஒற்றை நட்டைத்தான் தொடக்கூடாது. அமுக்கப்பட்ட வில்லை அடக்கி வைத்திருப்பது அந்த நட்டு ஒன்றே. வில்லை உரிய அமுக்கியால் இரு பக்கமும் சமமாகப் பிடித்து, அது தளர்ந்து இருக்கையில் ஆடுகிறது என்பதை உறுதிசெய்யாமல் அந்நட்டைத் திறந்தால், தட்டும் வில்லும் துப்பாக்கி ரவை போற் கிளம்பும். இதனால் உலகெங்கும் உயிரிழந்தோரும் முகம் சிதைந்தோரும் உண்டு. கயிறு, கம்பி, மரக்கட்டை என்று கைக்கு வந்ததைக் கொண்டு வில்லைக் கட்டும் துணிச்சல்காரரை நான் 2022 இலும் பார்த்தேன். தடைக்காலத்துக் கெட்டித்தனம் வேறு, இது வேறு. கொக்குவில் முதியவர் மாட்டுத் தோலை வெட்டிப் போட்டவர்தாம். ஆயினும் பாரத்தை ஜக்கில் ஏற்றாமல் ஒரு நட்டையும் தொட்டதில்லை. வில்லமுக்கி இல்லாதவர் ஸ்ற்றட்டை மட்டும் கழற்றி, கராச்சுக்கு எடுத்துச்சென்று, வில்லை மாற்றுவித்து வீட்டில் பொருத்திக்கொள்வதே உசிதம். கூலியில் பெரும்பகுதி அப்போதும் மிஞ்சும்.

வீட்டில் செய்வோர் கவனிக்கவேண்டிய வேறு சில விடயங்களையும் சொல்லிவிடுகிறேன். மட்கார்ட்டை அழுத்தி விட்டால் கார் ஒருமுறை எழுந்து அமைதியடைய வேண்டும். இரண்டு மூன்று முறை ஆடினால், அல்லது குழாயில் எண்ணெய் ஈரம் கண்டால், அல்லது ரயர் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்தால் ஷொக் முடிந்துவிட்டதெனக் கொள்ளலாம். இடம் வலம் இரண்டையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். ஜக்கை மட்டும் நம்பிக் காரின் கீழ் நுழையக்கூடாது. கீழ்ப் போல்ற்றுகளைக் கழற்றுமுன் அவை இருந்த இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்துவைத்தால் சில்லின் சாய்வு பெரிதும் மாறாது. ஆயினும் பின்னர் அலைன்மென்ற் பார்ப்பது அவசியம். மேல் மவுண்டையும் றப்பர்த் தடுப்பையும் பழையவையாகவே விட்டுப் புதிய ஷொக் போடுவோர் ஆறு மாதத்தில் மீண்டும் அதே வேலையைச் செய்வர். பஞ்சிகாவத்தையில் விற்கப்படும் ஜப்பானின் பாவித்த ஷொக்குகளைப் பொறுத்தவரை என் அபிப்பிராயம் இதுதான்: கழுவித் துடைத்து மினுக்கிய குழாயின் வெளிப்புறம் அதனுள்ளே இருக்கும் வால்வைப் பற்றி எதுவும் சொல்லாது. தண்டைக் கையால் அமுக்கி, ஒரே சீராக இறங்குகிறதா, இடையில் வழுக்குகிறதா என்று பாராமல் பணத்தைக் கொடுக்க வேண்டாம். காற்றுக் குமிழி தங்கிய அந்தப் பழைய ஆம்ஸ்ட்ரோங்கில் உணர்ந்த அதே வழுக்கல்தான்.

ஏ9 வீதி 2002 இல் திறந்து, 2006 ஓகஸ்ட்டில் மூடப்பட்டு, போர் முடிந்தபின் மீளத் திறந்தபோது தெற்கிலிருந்து வந்தவர்கள் யாழ்ப்பாணத் தெருக்களில் மைனர்களும் ஏ40களும் வாடகைக்கு ஓடுவதைக் கண்டு வியந்தனர். வியப்போடு நின்றுவிடவில்லை, பழைய கார்ப் பிரியர்களும் தரகர்களும் வந்து ஒவ்வொன்றாக வாங்கிச் சென்றனர். விற்றவர்கள் அந்தப் பணத்தில் முச்சக்கர வண்டியோ சிறிய ஜப்பான் காரோ வாங்கினர். அவர்களைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. கொழும்பில் இப்போது மினுக்கிய வர்ணத்தோடு ஊர்வலம் போகும் மைனர்களிற் சில, ஒரு காலத்தில் மந்திகைக்கு நோயாளரை ஏற்றியவையாக இருக்கக்கூடும். அவற்றின் முன் ஷொக்குகள் இங்கிலாந்தில் புதுக்கப்பட்டு அஞ்சலில் வருகின்றன. பழையதைத் திருப்பி அனுப்பினால் விலையிற் கழிவும் உண்டு. கை ஷொக்கை ஒதுக்கிவிட்டு நீள்குழாய் ஷொக் பொருத்தும் தொகுதிகளும் கிடைக்கின்றன. அத்தகைய கார் ஒன்றின் உரிமையாளர் சென்ற ஆண்டு கழற்றி எறியவிருந்த பழைய ஷொக்கை என்னிடம் காட்டினார். மூடியைத் திறந்து பார்த்தோம். அச்சுக்கும் பெட்டிக்கும் இடையே, மூட்டத்தில் கறுத்துப்போய், ஒரு தோல் வளையம் இருந்தது.